பதினெட்டாவது தூண்

அடுத்த வீட்டு மச்சாதுவை வீட்டை விட்டுக் கிளப்பத்தான் சவரிராயன் அந்தப் படத்தை வரைந்தான். தேயிலைத் தண்ணீரில் பழுப்பாக்கிய தாளில், எந்தக் காலத்திலோ இடிந்து மறைந்த மாதா கோவில். வாசல் சரியாக மச்சாதுவின் கிணற்றடியில். படம் அழகாக வரவர அவன் கை நிற்கவில்லை. வாசலிலிருந்து ஒரே வரிசையாகப் பதினெட்டுத் தூண் போட்டு, தூணுக்குத் தூண் எட்டடி என்று ஓரத்தில் குறித்தும் வைத்தான்.

பழைய படம் என்று அவன் கொண்டுபோய்க் கொடுக்க, பங்குச் சாமியார் அதை நம்பி, அதே இடத்தில் கோவில் கட்டக் கயிறு பிடித்து அளந்தார். பதினெட்டாவது தூண் மச்சாதுவின் வீட்டைத் தாண்டி, சவரிராயனின் அடுப்பங்கரையில் விழுந்தது.

"சாமி, அது நான் வரைஞ்ச பொய்ப் படம்," என்றான் சவரிராயன்.

மச்சாதுவுக்கும் அது தெரியும். தன் வீட்டுச் சாவியை எடுத்துச் சாமியாரிடம் நீட்டினான்.

"எனக்கு மாதாதான் பெருசு சாமி. இடிக்கிறத இவன் அடுப்பங்கரையில இருந்து ஆரம்பிங்க."