கைப்பட்டை இல்லாதவர்கள்

"அந்தப் பெரிய ஹாலைத் திறந்து எங்க ஆளுங்களை உள்ள விடுங்க சார்."

மேலாளர் சுற்றும்முற்றும் பார்த்தார். நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை. அவளைத் தள்ளாத குறையாகத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"முதல் நாளே உனக்கு என்ன சொன்னேன்? கெஸ்ட் முன்னாடி வாயைத் திறக்கக் கூடாது. அதிலயும் ஹோட்டலுக்குள்ள இடம் வேணும்னு எந்த ஸ்டாஃபும் கேக்கவே கூடாது. சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. அதான் காலையிலேருந்து பொத்திக்கிட்டு இருந்தேன். இப்ப கேக்குறேன்."

புயல் வருகிறதென்று ஹோட்டலை ஒட்டிய கேளிக்கைப் பூங்காவைக் காலையிலேயே மூடிவிட்டார்கள். ராட்டினத்தைச் சங்கிலி போட்டுக் கட்டியாயிற்று. நாற்காலிகள் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, எல்லாவற்றையும் நீச்சல் குளத்துக்குள் இறக்கியாயிற்று. மாடி அறைகளில் கண்ணாடி ஜன்னல்கள் என்பதால் விருந்தினர்களைக் கீழே வரவேற்புக் கூடத்தில் மெத்தை விரித்து உட்காரவைத்திருந்தார்கள். மத்தியானமே இருட்டிவிட்டது. ஜெனரேட்டரில் விளக்கு மட்டும்தான் எரிந்தது. ஏ.சி. இல்லை. அவள் முதுகில் வியர்வை ஓடியது.

நாற்காலிக்குக்கூட ஒரு இடம் பார்த்தவர்கள், பூங்காவைக் கூட்டுகிறவர்களுக்கும் துணி துவைக்கிறவர்களுக்கும் பார்க்கவில்லை. அவர்கள் வழக்கம்போலப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். அவள் அம்மாவும் அங்கேதான்.

மேலாளர் கையில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. செக்யூரிட்டியின் குரல்.

"சார், கொட்டகையில தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. ஒரு பக்கம் தகரத்தைக் காத்து பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இவங்களை எங்க சார் கூட்டிட்டுப் போறது?"

"அங்கயே ஒரு ஓரமா இருக்கச் சொல்லுய்யா."

"எந்த ஓரம் சார்?" அவள் கேட்டாள். "தகரம் போன ஓரமா, தண்ணி வந்த ஓரமா?"

"நக்கலா? கெஸ்ட்னு கையில கைப்பட்டை கட்டினவங்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டடம். இன்சூரன்ஸ் அப்படி. நானா எழுதினேன்?"

"பக்கத்து ஹால் காலியாத்தானே கிடக்கு?"

"அதுல புது கார்பெட் போட்டிருக்கு."



"கார்பெட்டா? ஊரு மிதிச்ச அழுக்கையெல்லாம் கூட்டுறவங்க சார் அவங்க. காலைக் கழுவிட்டு வரத் தெரியாதா?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "சரி, உன் வருத்தம் புரியுது. உங்க அம்மாவை மட்டும் பின்வாசல் வழியா கூட்டிட்டு வந்து ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சுக்கோ. யாருக்கும் தெரிய வேணாம். போதுமா?"

"மத்தவங்க?"

"ஊருக்கே நீதான் பொறுப்பா?"

"எங்க அம்மாவை உங்களுக்குத் தெரியாது. லாண்ட்ரி அக்கா காய்ச்சல்ல கிடக்காங்க. அவங்களை விட்டுட்டு எங்கம்மா ஓரடி நகர மாட்டாங்க."

அதற்குள் ஒரு சிறுமி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே சிறுமியின் அப்பா மூச்சு வாங்க வந்தார்.

"சார், தயவுசெஞ்சு இவங்களை எங்கயும் அனுப்பிடாதீங்க. இடி இடிச்சா இவ அழுது தீர்த்துடுறா. இவங்க பக்கத்துல இருந்தாத்தான் ரெண்டு வாய் சாப்பிடுறா."

மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "எங்க சார் போகப்போறாங்க? கெஸ்ட் ரிலேஷன்ஸ்ல இவங்களை அடிச்சிக்க ஆள் கிடையாது."

அவள் சிறுமியின் தலையைத் தடவிக் கொடுத்தாள். வெளியே எதுவோ பெரிதாக முறிந்து விழுந்தது. கூடத்தில் குழந்தைகள் அலறின.

அப்பாவும் மகளும் நகர்ந்ததும் மேலாளரின் சிரிப்பும் நின்றது.

"பாத்தியா? இந்தக் கூட்டம் என் சட்டையைப் பிடிக்காம இருக்கிறதே உன்னாலதான். படிச்ச பொண்ணு, யோசி. அடுத்த மாசம் வேலை நிரந்தரமாயிடும்."

"எங்க பரம்பரையிலயே முதல் டிகிரி சார் என்னோடது. இந்த வேலைக்கு எதுக்கு டிகிரி கேட்டீங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல."

"திமிரு உனக்கு. இப்ப அந்தக் கதவைத் தாண்டினா திரும்ப உள்ள வர முடியாது."

"தெரியும். உங்ககிட்டக் கேக்குறதுக்கு முன்னாடியே தெரியும். கேக்காம போனேன்னு இருக்கக் கூடாதுன்னுதான் கேட்டேன்."

தூணைத் தாண்டிக் கூடத்தின் நடுவில் போய் நின்றாள். மெத்தைகளில் இருந்த குழந்தைகள் அவளைப் பார்த்ததும் கை தட்டின.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க!" தொண்டை கிழியக் கத்தினாள். "உங்க ரூமைக் கூட்டினவங்க, உங்க படுக்கை விரிப்பைத் துவைச்சவங்க எல்லாரும் பின்னாடி கொட்டகையில முழங்கால் தண்ணியில நிக்கிறாங்க. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஹால் காலியா இருக்கு. சாவி இவர்கிட்டதான் இருக்கு!"

கைதட்டல் அப்படியே நின்றது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் முகத்தில் ரத்தமே இல்லை.

அந்தச் சிறுமிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்பா... அது பேசுது!"

தான் காலையிலிருந்து மாட்டியிருந்த, நீளக் காதுகள் ஆடிய முயல் வேஷத் தலையை அவள் இரண்டு கைகளாலும் கழற்றி மேலாளரின் மார்பில் திணித்தாள். வியர்வையில் ஊறி நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து, கொட்டகையை நோக்கி மழைக்குள் இறங்கினாள்.