மலையிலிருந்து வந்த இரண்டு பெட்டிகள்

முப்பத்தேழாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் ஆம்பூர் கடுக்காய் மண்டி சுப்பராயனும் நின்றார். தேசசேவை என்றெல்லாம் யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். பெயருக்குப் பின்னால் எம்.எல்.ஏ. என்று போட்டுக்கொண்டு, வேலூர் வக்கீல் ரத்தினசாமியின் மூக்கை உடைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சமவெளியில் ஓட்டு இருவருக்கும் ஏறக்குறைய சமமாக விழுந்திருப்பதாகத் தகவல். மிச்சம் ஜவ்வாது மலையில் ஓட்டுரிமை உள்ள முந்நூறு பட்டாதாரர்கள். அந்த முந்நூறுதான் சுப்பராயனுக்குப் பயம்.

காரணம் அவருடைய தராசு. மலைக்காரர்கள் பத்து மணங்கு கடுக்காய் கொண்டுவந்தால் அதில் ஏழுதான் காட்டும். அவர் படிக்கல் தட்டின்மேல் விரல் வைப்பது மலையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"எனக்கு எவன் போடுவான்? பூரா ஓட்டும் வக்கீல் பொட்டியிலதான் கெடக்கும்" என்று காசியிடம் புலம்பினார். காசி, தோல் ஷாப்பில் சாயம் ஏற்றுகிறவன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்த காலம் அது. சுப்பராயனுக்குப் பச்சை, வக்கீலுக்குச் சிவப்பு.

"இதுக்கா மொதலாளி பேஜார்? வழியில ரெண்டு பொட்டிக்கும் கலர மாத்திட்டா அவர் ஓட்டு உங்குளுது, உங்க ஓட்டு அவருது" என்றான் காசி.

மறுநாள் மத்தியானம் பெட்டிகள் மாட்டுவண்டியில் ஆம்பூர் வழியாக வேலூருக்குப் போயின. காவலுக்கு ஒரு ஏட்டு. சுப்பராயன் மண்டி வாசலில் கும்பிட்டு நிறுத்தினார்.

"வெயில் ஜாஸ்தி ஏட்டய்யா. நம்ம பிரியாணிய ஒரு கை பாத்துட்டுப் போலாமே?"

ஏட்டு மூன்று தட்டு பார்த்தார். நாலாவதுக்கு முன் சுவரில் சாய்ந்து குறட்டைவிட்டார். வண்டிக்காரரும் அப்படியே.

காசி பழைய நிறத்தை ஸ்பிரிட்டால் துடைத்தான். பூட்டையும் அரக்கு முத்திரையையும் தொடவே இல்லை. பச்சை சிவப்பாயிற்று, சிவப்பு பச்சையாயிற்று. ஏட்டு கண் விழிப்பதற்குள் இரண்டும் காய்ந்துவிட்டன.

வேலூரில் எண்ணிக்கை. சுப்பராயன் சரிகை அங்கவஸ்திரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் மறந்துவிடக் கூடாதே என்று ரோஜாமாலையைத் தாமே வாங்கி வந்திருந்தார். சமவெளி ஓட்டில் அவர் பன்னிரண்டு முந்தியிருந்தார். கடைசியாக மலைப் பெட்டிகளைத் திறந்தார்கள்.

"சிவப்பு, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. பச்சை, இரண்டு!"

வக்கீலை அவருடைய ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுப்பராயன் காசியின் சட்டையைப் பிடித்தார்.

"கலர மாத்தினியா இல்லியாடா?"

"என் புள்ள மேல சத்தியமா மாத்தினேன் மொதலாளி!"

வெளியே வந்தால், முடிவு கேட்க மலையிலிருந்து இறங்கி வந்த சடையன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"மோசம் போய்ட்டோம் சாமி! ஊர் ஊரா கூடிப் பேசி, மலையே பச்சைலதான போட்டோம். எப்டி மாறிச்சின்னே தெரியலயே!"

சுப்பராயன் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தாம் செய்த காரியத்தை நினைத்து அழுகையே வந்துவிட்டது. "எனக்காடா போட்டீங்க? என்மேல அவ்ளோ பிரியமா?"

சடையன் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னான்:

"நீங்க ஜெயிச்சா மெட்ராசுக்குப் போய்டுவீங்க, தராசுகிட்ட வேற ஆள் குந்துவாங்கன்னு நெனச்சோம் சாமி."