கழுத்தில் ஒரு பந்தயம்

"டேய் பஸ்யூனி, உன் ரத்தமும் நீ ஓட்டின டிராம் மாதிரிதாண்டா! நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்னு நின்னு போகும். கழுத்தை ஸ்கேன் பண்ணி யாருக்கு வேகம்னு பார்த்துடலாமா?"

ஷஹாத்தா சவால்விட, அலெக்ஸாந்திரியாவின் அந்தக் காபிக்கடையே சிரித்தது. அப்பா பஸ்யூனியை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற நஜ்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஷஹாத்தாவோடு ஆடிய ஆட்டத்தின் நடுவே அப்பாவின் கையிலிருந்து பகடை தானாக நழுவியது. போன வாரம் ஒரு கண் சற்று நேரம் இருண்டது. 'கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் பண்ணிக்கோங்கப்பா' என்று அவள் கெஞ்சாத நாளில்லை. 'எனக்கென்ன கேடு?' என்பார்.

அதைப் போய் இந்த மனுஷர் பந்தயமாக்குகிறார்! நாற்பது வருஷச் சிநேகிதராம்!

"தோத்தவன் கடைக்கே பஸ்பூசா இனிப்பு வாங்கிப் போடணும். சரியா?"

"வாடா, இப்பவே!" அப்பா துள்ளி எழுந்தார்.

ஸ்கேன் நிலையம் எதிர் மாடியில்தான். முதலில் ஷஹாத்தா படுத்தார். கழுத்தில் பசை தடவிக் கருவியை வைத்ததும் ரத்தம் ஓடுவது 'புஸ்... புஸ்...' என்று கேட்டது.

"வேகம் எழுபது" என்றாள் சோதிக்கும் பெண்.

அடுத்து அப்பா. சத்தம் சீறியது, ஜன்னல் இடுக்கில் புயல்காற்று நுழைவதுபோல.

"முந்நூற்று நாற்பது!"

"பார்த்தியாடா! முந்நூத்தி நாப்பது! எடு பஸ்பூசாவை!" கழுத்துப் பசையைக்கூடத் துடைக்காமல், கடைக்குப் போன் போட வெளியே ஓடினார் அப்பா.

ஷஹாத்தா திரையிலிருந்த எண்ணையே பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

படத்தைப் பார்த்த டாக்டர் நஜ்லாவை அழைத்தார். "குழாய் ரொம்பச் சுருங்கியிருக்கும்மா. இடுக்குல நுழையறதாலதான் இந்த வேகம். நல்லவேளை, பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி வந்தீங்க. உடனே ஆபரேஷன் பண்ணிடலாம்."

நஜ்லா ஷஹாத்தா பக்கம் சீறித் திரும்பினாள். "உங்களுக்கு எல்லாமே விளையாட்டுதானா சித்தப்பா?"

சோதித்த பெண் குறுக்கிட்டாள். "போன வாரமே இவர் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுப் போனாரேம்மா! அன்னிக்கும் எழுபதுதான். வேகம் கூடினாத்தான் ஆபத்துன்னு சொல்லியனுப்பினேனே!"

ஷஹாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வைத்தியத்துக்குக் கூப்பிட்டா அவன் வரமாட்டான்மா. என்னை ஜெயிக்கணும்னா எங்கேயும் ஓடி வருவான். இந்த ஒரு தடவையாவது நான் ஜெயிச்சிடணும்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன்."