பூப்போட்ட துணி

பூங்கோதை வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பவள். வேலை வேகமாக நடக்கட்டும் என்று புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினாள். அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். தூசி படுமே என்று பூப்போட்ட துணியால் மூடினாள். பிறகு பழைய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, "இதுல இருக்கிற வேலைய முடிச்சிட்டு அதுக்கு மாறிக்கலாம்" என்றாள்.

முடிந்தால்தானே. ஒரு பத்திரிகை முடிவதற்குள் அடுத்தது வந்தது.

துணிக்குள்ளிருந்து புதுசு கேட்டது. "அண்ணே, நீங்க நின்னாத்தான் எனக்கு வெளிச்சம். நின்னுடுங்களேன்."

பழசின் ஃபேன் கரகரவென்று இரைந்தது. "ஒரு பொண்ணோட பத்திரிகை பாதியில கெடக்கு தம்பி. நிக்க மாட்டேன். ஆடி பொறக்கட்டும், கல்யாணம் இருக்காது. அப்ப பார்க்கலாம்."

ஆடி பிறந்தது. கோயில்களில் கூழ் ஊற்றும் நோட்டீஸ் வேலை குவிந்தது. பழசு அதற்கும் ஓடியது.

இப்படியே சில வருஷம் இழுத்துப் பிடித்த பழசு, ஒரு நாள் நின்றேவிட்டது. சரிபார்க்க வந்த மெக்கானிக், பழசின் ஃபைல்களைப் புதுசுக்கு மாற்றிக் கொடுத்தார். "ஆனா இதுவும் பழைய மாடல் ஆயிடுச்சேக்கா" என்றார்.

மறுவாரமே இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது. பூங்கோதை அதே துணியை உதறி அதன்மேல் போட்டாள்.

"அண்ணே, நீங்க எப்ப நிப்பீங்க?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"துணிக்குள்ள கிடந்த அத்தனை வருஷத்தையும் ஓடித் தீர்த்துட்டுத்தான் தம்பி நிப்பேன்."