கோமளித்த பால்

ஒரு குழந்தையின் உயிர் அந்த ஊரில் லிட்டருக்கு இரண்டு ரூபாய். பச்சைப் பால் நாற்பது, கோமளித்த பால் நாற்பத்திரண்டு என்று சொர்ணப்பன் கடை வாசலில் எழுதியிருந்தது. பாலில் காய்ச்சல் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்து, சுடவைத்து அதைக் கொல்லும் பக்குவத்தையும் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் கோமளம். அந்தப் பக்குவத்துக்கு ஊர் அவர் பெயரையே வைத்துவிட்டது. பிள்ளைகள் மறுபடியும் அதே காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, முப்பது வருடம் கழித்து வந்திருந்தார்.

சொர்ணப்பன் இருபது லிட்டர் கேனைச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் வைத்தார். படத்தில் இளவயதுக் கோமளம், சந்தன மாலையோடு. சூடத்தைக் கொளுத்திக் கேனை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"கோமளிச்சாச்சும்மா. எத்தனை லிட்டர்?"

"அடுப்பு எங்கய்யா?"

"எங்கப்பா காலத்துல எரிச்சாங்க. கேஸ் விக்கிற விலைக்கு இப்ப முடியுமா? அந்தம்மாவும் சாமியாயிட்டாங்க. சூடமே போதும்."

கோமளம் கேனை எட்டி உதைத்தார். பால் சாக்கடைக்கு ஓடியது.

சொர்ணப்பன் பதறவில்லை. "எண்ணூத்தி நாப்பதும்மா."

கோமளம் எண்ணூறை மேஜையில் அறைந்தார். "செய்யாத வேலைக்குக் காசு கிடையாது."

"சூடம் காட்டினேனே? சரி, பாக்கியா எழுதிக்கிறேன். பேரு?"

"கோமளம்."

"நல்ல பேரும்மா" என்றவர், படத்துக்குக் கீழேயே சாக்பீஸால் எழுதினார்: கோமளம், பாக்கி நாற்பது.