மதியச் சாப்பாட்டுக்கு ஒரு துணை

வேலைக்குச் சேர்ந்த மூன்று வாரமாகக் கெல்சி தன் காரில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டாள். இன்று துணிந்து கேன்டீனுக்குள் நுழைந்தாள். தனியாக இருந்த பெரியவர் டுவேனின் மேஜைக்குப் போனாள்.

"இங்க உட்காரலாமா?"

"உட்காருங்க மேடம்." அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

"ஒஹையோல எனக்கு யாரையும் தெரியாது. அதான் உங்களோட கொஞ்சம் பேசலாம்னு…"

"சுத்தி வளைக்காதீங்க. இன்னைக்கே கிளம்பணுமா?" கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அவள் முன் வைத்தார்.

"ஐயோ, நான் சாப்பிடத்தான் வந்தேன்!"

"உங்க வேலையில முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே வந்து உட்காருவார். யார் எதிர்ல உட்கார்ந்தாரோ அவங்களுக்கு அன்னைக்கே வேலை போயிடும்."

மனிதர்களோடு பழகப் பிடிக்கும் என்றுதான் கெல்சி மனிதவள மேலாண்மை படித்தாள். அந்தத் துறையின் புது அதிகாரியான அவள் இப்போது அட்டையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

அவள் கதவைத் தாண்டும்வரை டுவேன் அட்டையை எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.