தகரக்கிளியின் இருமல்

எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்லும் தகரக்கிளியைக் காட்டில் ஒருவரும் நம்பவில்லை. கிளியை நம்பவைப்பவருக்குப் பரிசு என்று போட்டி வைத்தார்கள்.

நடுவர் மயிலாரின் கூட்டாளியான முயல், சொல்வது உண்மை என்று காட்டக் கிளியின் தலையில் ஒரு பச்சை விளக்கை மாட்டியது. அது எந்நேரமும் எரிந்தது. அணிலோ, சந்தேகமானதைச் சொன்னால் இருமல் வரும்படி கிளியின் தொண்டையில் ஒரு திருகாணியை வைத்தது.

மயிலார் எழுதித் தந்த முடிவை வாசிக்கும் வேலையும் கிளிக்கே வந்தது.

"நடுவர் எல்லாவற்றையும் நேரில் பார்த்தார்." லொக்.

"யாருக்கும் சலுகை காட்டவில்லை." லொக் லொக்.

"தகுதியின் அடிப்படையில் முதல் பரிசு முயலுக்கு."

இருமிய இருமலில் பச்சை விளக்கு கழன்று விழுந்தது.

காடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பரிசு போன அணில், கிளையிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தது.

"இனிமே எது கேக்கணும்னாலும் நம்ம கிளிகிட்டதான்பா கேக்கணும்," என்றது கரடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.